மஞ்சள் கயிறு கட்டிய அன்னாசி

இலங்கையின் பதுளையில் ரயில் பாதை முடிந்துவிடுகிறது. ஒரு தடுப்புக் கட்டை, கொஞ்சம் புல், அதற்குப் பின்னால் மலை. இந்தத் தடத்தில் இனிமேல் யாராலும் ரயிலில் போக முடியாது என்கிற இடத்தில் இறங்கி நின்றபோது எனக்கு ஏனோ பெருமையாக இருந்தது. பெருமைப்பட வேண்டியவர் ரயிலை ஓட்டி வந்தவர்தான். நான் வழியெல்லாம் ஒரு லீக்ஸ் காய்கறி மூட்டைக்கும் ஒரு குண்டு மாமாவுக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு வந்தவள்.

நான் கொல்லிமலையில் அன்னாசி போடுகிறவள். ஊர் சுற்றும் வழக்கம் கிடையாது. கடல் தாண்டியதே இதுதான் முதல் தடவை, அதுவும் நோய் பார்க்க. நோயாளி ஓர் அன்னாசித் தோட்டம்.

என்னை வரவழைத்தவள் ஃபரீதா. பதுளைக் கடைத்தெருவில் பழக்கடை வைத்திருப்பவள். சில வருடங்களுக்கு முன் திருச்சியில் ஒரு கண் ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்கள் சிநேகம் தொடங்கியது. அவள் தன் உம்மாவோடு வந்திருந்தாள், நான் என் மாமனாரோடு. என் தோட்டத்து அன்னாசியில் ஒரு துண்டு கொடுத்தேன். வாயில் போட்டு மென்றுவிட்டு, “நல்லாத்தான் இரிக்கு அக்கா. ஆனா எங்கட ஊவாப் பக்கத்துப் பழம் இதவிட இனிப்பு” என்றாள். அன்று தொடங்கிய சண்டை இன்னும் ஃபோனில் நடக்கிறது.

போன மாதம் அவள் அனுப்பிய படத்தில் சண்டைக்கு இடமில்லை. அன்னாசி இலைகள் நுனியிலிருந்து சிவந்து, ஓரம் உள்பக்கம் சுருண்டு, தலை தொங்கிக் கிடந்தன. “பழம் எலுமிச்ச சைஸுக்கு வருது அக்கா. இது என்ன வருத்தம்?” என்று கேட்டிருந்தாள். வருத்தம் என்றால் அவர்கள் பேச்சில் நோய். என் தோட்டத்தில் ஒரு பாத்தியை முழுசாக வாரிக்கொண்டு போனது இதே சிவப்புதான். நேரில் பார்க்காமல் சொல்ல மாட்டேன் என்றேன். அப்படியென்றால் வாருங்கள் என்றாள். வாய் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதல்ல.

ஜாம் காய்ச்சும்போது சூடு பார்க்கிற வெப்பமானியையும் பையில் போட்டுக்கொண்டேன். விமான நிலையத்தில் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த அதிகாரி, “யாருக்கு உடம்பு சரியில்லை?” என்றார். அன்னாசிக்கு என்றேன். அவர் பையை மூடிக் கொடுத்தார்.

ரயிலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எல்ல என்ற ஊர்வரை வெளிநாட்டுப் பிள்ளைகள் கதவில் தொங்கிக்கொண்டு படம் எடுத்தார்கள். எனக்குத் தெரிந்த காட்சியெல்லாம் அவர்கள் முதுகுகள்தான். எல்லவில் மொத்தக் கூட்டமும் இறங்க, ரயில் பெருமூச்சு விட்டது, நாங்கள் காலை நீட்டிக்கொண்டோம். அதற்கப்புறம்தான் தெமோதரை வந்தது. ஸ்டேஷனை விட்டுக் கிளம்பிய ரயில் மலையை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கிக் குகைக்குள் நுழைந்தது. லீக்ஸ் மூட்டைக்காரம்மா என் கையைத் தட்டி, “இப்ப நின்னோமே, அந்த ஸ்டேஷனுக்கு அடியிலதாங்க போறோம்” என்றார். நம்ப முடியாமல் வெளியே வந்ததும் எட்டிப் பார்த்தேன். நாங்கள் நின்றிருந்த ஸ்டேஷன் தலைக்கு மேலே இருந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது.

ஃபரீதா வீட்டில் அன்று மாலை இடியப்பமும் கோழிக்கறியும் சிவக்கச் சிவக்க இடித்த தேங்காய்ச் சம்பலும். எங்கள் ஊரில் இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் என்றேன். “அது புள்ளைகளுக்கு” என்று சொல்லிவிட்டு இன்னும் இரண்டு கரண்டி சம்பல் வைத்தாள். கண்ணில் நீர் வழியச் சாப்பிட்டேன். இனிப்பான வட்டிலப்பம் வந்து காப்பாற்றியது.

கடைசியில் ஓர் அன்னாசியை அறுத்து, உப்பும் மிளகாய்த் தூளும் தூவி வைத்தாள். உள்ளங்கையில் அடங்குகிற பழம். புளித்தது, நடுவில் நார் நாராக இருந்தது. ஃபரீதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயித்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்போதுதான் விஷயத்தை முழுதாகச் சொன்னாள். பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே கைவிட்ட பழைய தேயிலைச் சரிவொன்றை, லயம் என்கிற வரிசை வீடுகளில் இருக்கிற சில குடும்பங்களுக்குப் பயிர் செய்யக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு முன்நிற்பவள் செல்வமணி என்ற கொழுந்து பறிக்கும் பெண். ஃபரீதா கடைக்குப் பழம் அங்கிருந்துதான் வருகிறது. செல்வமணியின் தங்கை சந்திரா கொஸ்லந்தப் பக்கம். மண் சரிந்து லயம் போய், அந்தக் குடும்பம் ஊர் ஊராக ஒண்டி வாழ்ந்து, இப்போதுதான் அவர்களுக்கும் ஒரு துண்டுச் சரிவு கிடைத்திருக்கிறது. மழை இறங்குவதற்குள் அதில் பயிர் நிற்க வேண்டும், வெறும் நிலமாகக் கிடந்தால் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று தோட்ட நிர்வாகத்தில் சொல்லிவிட்டார்கள்.

“அன்னாசிக் கன்டு தர்றேன்னு செல்வமணி தங்கச்சிக்கு வாக்குக் குடுத்திட்டா. இந்தக் கெழம முடிவில வேன் வருது. அதுக்கு முந்தி நீங்க பாத்திரணும்” என்றாள் ஃபரீதா.

மறுநாள் பசறை பஸ். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கி வளர்ந்தவள் நான், எனக்கு எந்த மலைப் பாதையும் தூசு என்று முதல் நாள் இரவு பீற்றிக்கொண்டிருந்தேன். ஏறிய கொஞ்ச நேரத்தில் ஃபரீதாவின் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். அவள் கைப்பையிலிருந்து ஒரு பாலித்தீன் பையை எடுத்து என் மடியில் வைத்தாள்.

ஒரு வளைவில் எதிரே ஒரு முட்டைக்கோஸ் லாரி. இரண்டு டிரைவர்களில் யாரும் பின்னால் எடுப்பதாக இல்லை. இருவரும் எஞ்சினை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்கள். முன் சீட்டில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து சிங்களத்தில் ஏதோ கத்த, பஸ் முழுக்கச் சிரித்தது. ஃபரீதா காதில் சொன்னாள்: “இரண்டு பேரும் இங்கேயே வீடு கட்டிக்கொள்ளுங்கள், குடிபுகும்போது நாங்கள் பாற்சோறு சாப்பிட வருகிறோம்” என்கிறாராம். சிரித்ததில் எனக்குத் தலைசுற்றல் போய்விட்டது. லாரிக்காரரும் சிரித்துவிட்டார், சிரித்த பிறகு பின்னால் எடுக்காமல் இருக்க முடியவில்லை.

பசறையிலிருந்து த்ரீவீல் ஆட்டோவில் மேலே ஏறினோம். பக்கத்து மலையில் தேயிலை, அதன் மேல் மேகத்தின் நிழல் நகர்ந்துகொண்டிருந்தது. எங்கள் மலையும் அழகுதான். ஆனால் அங்கே காடு காடாக இருக்கும். இங்கே இவ்வளவு பெரிய மலையை மனிதக் கைகள் சீவி வாரிவிட்டிருக்கின்றன. எத்தனை பேர் எத்தனை காலம் குனிந்து நின்றிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

செல்வமணி பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு, தலையில் கட்டிய துணியை அவிழ்த்துக்கொண்டே வந்தாள். ஐம்பதுக்கு இந்தப் பக்கம்தான் இருக்கும். வேகமான நடை, அதைவிட வேகமான பேச்சு.

“வாங்கக்கா. எங்க அன்னாசியப் பாக்க இந்தியாவுலருந்து ஆளு வருதுன்னேன். பெரட்டுல ஒருத்தரும் நம்பல. வாங்க, எல்லாரும் பாக்கட்டும்” என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் நின்றிருந்த பெண்கள் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். “அன்னாசி டாக்டரா?” என்று ஒருத்தி கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள்.

சரிவைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அன்னாசிச் செடிகளைத் தேயிலை மாதிரி மேசைபோல மட்டமாக வெட்டியிருந்தார்கள். வரிசை வரிசையாக, ஒரே உயரத்தில். என் ஆயுளில் முடி வெட்டிய அன்னாசியைப் பார்த்ததில்லை.

“செகப்பு விழுந்தா கவாத்து வெட்டிருவோங்க. தேயில நோவு கண்டா அதானே வைத்தியம்? வெட்டி விட்டா கொஞ்ச மாசத்துல புது எல வந்துரும். பச்சப் பசேல்னு வரும், பாருங்க” என்றாள் செல்வமணி.

உண்மைதான். வெட்டிய செடிகளில் பல மறுபடியும் தழைத்து நின்றன. அவற்றில் சிலவற்றின் அடியில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தது, ஒரு துண்டு மஞ்சள் கிழங்கோடு. என்ன வேண்டுதல் என்று கேட்டேன்.

“வேண்டுதல் இல்லக்கா, அது தாய்ச்செடி. நோவுல விழுந்து தப்பிச்சு எந்திரிச்ச செடி. தேயிலைக்கும் அப்படித்தான், மழையில்லாத கடுங் காய்ச்சல்ல எது தாக்குப் புடிச்சு நிக்குதோ அதுலருந்துதான் தவறணைக்குத் தண்டு வெட்டுவாங்க. அது மாதிரி இதுல கன்டு எடுத்தா கன்டும் உறுதியா இருக்கும். மொதப் பழம் மாரியம்மனுக்கு. கயிறு கட்டுன செடிய ஒருத்தரும் தாண்ட மாட்டோம்.” தவறணை என்பது இவர்கள் ஊரில் நாற்றங்கால்.

என் சிரிப்பு அங்கேயே நின்றுபோனது. சரிவின் ஓரத்தில் சாக்குகள் மேல் கன்றுகள் குவிந்திருந்தன. தங்கை சந்திராவுக்குப் போகிற கன்றுகள். எல்லாம் மஞ்சள் கயிறு கட்டிய தாய்களிடமிருந்து எடுத்தவை.

கயிறு கட்டிய ஒரு செடியின் பக்கத்தில் உட்கார்ந்து அடி இலையை மெல்ல விலக்கினேன். இலை தண்டோடு சேரும் இடத்தில் மாவு தூவியது போல் வெள்ளைவெள்ளையாகப் பூச்சிகள். மாவுப்பூச்சி. அவற்றைச் சுற்றி எறும்புகள். செல்வமணியும் குனிந்தாள். “எறும்பு இருந்தா வேற பூச்சி அண்டாதுன்னு நாங்க சும்மா விட்டுருவோம்” என்றாள்.

இலையை நான் விலக்கியதில் எறும்புகளுக்குக் கலவரம். ஆனால் ஓடி ஒளியவில்லை. ஓர் எறும்பு குட்டி மாவுப்பூச்சி ஒன்றை வாயில் பூப்போலக் கவ்வி எடுத்தது. தூக்கிக்கொண்டு இலையடியில் இறங்கி, மண்ணைத் தாண்டி, அடுத்த செடியில் ஏறி, அதன் அடி இலைக்குள் பத்திரமாக இறக்கி வைத்தது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் இன்னொன்று. வெள்ளம் வந்தால் நாம் ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடுவோமே, அதே அவசரம். இலையடியில் மண்ணைக் குழைத்து அந்தப் பூச்சிகளுக்குக் கொட்டகைகூடப் போட்டிருந்தன. என் தோட்டத்தில் எவ்வளவோ தடவை பார்த்ததுதான். ஒவ்வொரு தடவையும் மூச்சு நின்றுவிடுகிறது. என் பயிரைக் கெடுக்கிற கூட்டம் என்று தெரிந்தும், கையெடுத்துக் கும்பிடலாம் போலிருக்கிறது.

“ஆத்தாடி! மாடு மேய்க்குதுங்களா?” என்றாள் செல்வமணி.

மாடு மேய்ப்பதேதான். மாவுப்பூச்சி செடியின் சாற்றை உறிஞ்சி இனிப்பாகக் கழிக்கும், எறும்பு அதைக் குடிக்கும். குடிக்கிற நன்றிக்குக் காவல் காக்கும், புது மேய்ச்சலுக்குத் தூக்கிப் போகும். நோய் அந்தப் பூச்சியின் வாயில் வருகிறது. கண்ணுக்குத் தெரியாத வைரஸ். நோய்ச் செடியைக் குடித்த வாயால் நல்ல செடியைக் குடிக்கும்போது அது மாறிப் போகிறது. வேர் அழுகும், இலை சிவக்கும், செடி வாடும். இதுவரை சொன்னதை செல்வமணி தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். மீதியைச் சொல்வதற்கு முன் விலக்கிய இலையை மூடி வைத்தேன்.

“வாடின செடி மறுபடி தழைக்கும் செல்வமணி. வெட்டினாலும் தழைக்கும், வெட்டாவிட்டாலும் தழைக்கும். அது இந்த நோயின் குணம். பச்சையாக நிற்கும், ஆனால் நோய் உள்ளேயே இருக்கும். அதில் எடுக்கிற கன்றிலும் இருக்கும்.”

அவள் சாக்குகளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னை.

“அப்ப பொழச்சது பொழக்கலைங்கறீங்க.”

“பிழைத்திருக்கிறது. நோயோடு பிழைத்திருக்கிறது.”

“நேத்து வந்து எறங்குனீங்க. நாங்க இதுக கூடவே கெடக்குறோம். வெயில்ல தண்ணி தூக்கி, சாவக் கெடந்தத எழுப்பி, கயிறு கட்டி…” அவள் சாக்குகள் பக்கம் கையைக் காட்டினாள். “நல்லாப் பாத்துச் சொன்னீங்க. என் தங்கச்சிக்கு இனி நான் எங்க போவேன்?” என்று சொல்லிவிட்டுத் தேயிலைக்குள் இறங்கிப் போய்விட்டாள். மற்ற பெண்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஃபரீதா என்னைத் தேற்றப் பார்த்தாள், எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. பொய் சொல்லியிருக்கலாமோ என்று பஸ்ஸில் திரும்புகிற வழியெல்லாம் நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலை ஃபரீதா என்னை வலுக்கட்டாயமாகத் துன்ஹிந்த அருவிக்கு இழுத்துப் போனாள். மனசு சரியில்லாதவர்களை அருவிக்குக் கூட்டிப் போவது பதுளை வழக்கமாம். பாறையும் வேருமாக ஒரு பாதை. வழியில் குரங்கு ஒன்று அவள் கையிலிருந்த மீன் பணிஸை, அதாவது மீன் வைத்த பன்னை, பறித்துக்கொண்டு, மரத்தில் உட்கார்ந்து, மீனைத் துப்பிவிட்டுப் பணிஸை மட்டும் தின்றது. அப்புறம் வளைவு திரும்பினோம். மலை உடைந்து தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. விழுகிற தண்ணீர் பாதியிலேயே புகையாகி, கீழே பள்ளமே தெரியவில்லை. எங்கள் ஆகாய கங்கை அருவியைப் பற்றி இரண்டு வார்த்தை பெருமையாகச் சொல்லலாம் என்று வந்தவள், அதை மறந்துபோனேன். சேலை நனைய நின்றேன். நேற்றுப் பார்த்தது எறும்பின் வாய் அளவு, இன்று பார்ப்பது மலை அளவு. இரண்டின் முன்னாலும் நான் ஒன்றுமில்லை என்று நினைத்தபோது மனசு கொஞ்சம் லேசானது.

அருவியின் இரைச்சலில் ஃபரீதாவின் ஃபோன் அடித்தது தெரியவில்லை. மேலே ஏறி வந்த பிறகு பார்த்தால் செல்வமணி பல தடவை கூப்பிட்டிருந்தாள். ஃபரீதா திரும்ப அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“அந்தக்காவக் கூட்டிட்டு வாங்க. வெடியக்காலயிலருந்து கயிறு கட்டுன செடி அத்தனையும் பிரிச்சுப் பாத்துட்டேன். ஒன்னு விடாம எல்லாத்துலயும் எறும்பு மேய்க்குது. ஒன்னே ஒன்னு கேக்கணும் அவங்ககிட்ட.”

நேரே பஸ் பிடித்தோம். லாரி எதுவும் மறிக்கவில்லை, எனக்குத் தலையும் சுற்றவில்லை.

செல்வமணி சரிவின் உச்சியில் நின்றிருந்தாள். அங்கே ஊற்றிலிருந்து வருகிற தண்ணீர் ஓடும் ஓர் ஆழமான கான், அதாவது மலைக்கு வெட்டிய வடிகால். அதற்கு அந்தப் பக்கம் ஒரு துண்டு நிலத்தில் அன்னாசிகள் மண்டிக் கிடந்தன. கவாத்து இல்லை, கயிறு இல்லை. இலைகள் என் இடுப்பளவு, சாம்பல் பச்சையில் வாள் வாளாக.

“இது ஃபரீதாக்கா குடுத்த பழத்துக் கொண்டைல மொதமொத நட்டது. அப்புறம் இந்தப் பக்கம் வந்துட்டோம், அத ஒருத்தரும் பாக்குறதில்ல. சொகுசுச் செடின்னு பேரு வச்சிருக்கோம். நோவு தெரியாது, வெட்டு தெரியாது, காய்ச்சல் தெரியாது. கானுத் தண்ணில சொகமாக் கெடக்குதுக. அதுல போயி யாரு கன்டு எடுப்பான்னு விட்டுட்டோம். இதுல எடுக்கலாமாக்கா?” என்றாள்.

நான் கானைத் தாண்டினேன். ஒவ்வொரு செடியாக அடி இலையை விலக்கினேன். ஃபரீதாவும் செல்வமணியும் எனக்குப் பின்னால். வெள்ளை இல்லை. எறும்பு இல்லை. ஓடுகிற தண்ணீரைத் தாண்டி எந்த மேய்ப்பனாலும் மந்தையைக் கொண்டுவர முடியவில்லை போலிருக்கிறது. ஒரு செடியைத் தோண்டி எடுத்தேன். வேர் வெள்ளையாக, அடர்த்தியாக, மண்ணைப் பிடித்துக்கொண்டு வந்தது. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“நூற்றுக்கு நூறு என்று என்னால் சொல்ல முடியாது செல்வமணி. ஆனால் என் தோட்டமாக இருந்தால் இதில்தான் கன்று எடுப்பேன்.”

அவள் ஒரு செடியின் பழத்தை முறித்து, இடுப்புக் கத்தியால் சீவி, எங்களுக்கு ஆளுக்கொரு துண்டு கொடுத்தாள். சாறு முழங்கை வரை வழிந்தது. ஃபரீதா என்னையே பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். சண்டையில் தோற்றதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன்.

நான்காம் நாள் கோயில் முற்றத்தில் அடுப்பு மூட்டினோம். திருவிழாவுக்குச் சோறு பொங்குகிற அண்டாவில் தண்ணீர் சுட்டது. சுத்தமான செடியில் எடுத்த கன்றையும் சுடுதண்ணீரில் அமுக்கி வைத்துத்தான் நான் நடுவேன். ஒளிந்திருக்கிற பூச்சி ஏதாவது இருந்தால் செத்துப்போகும், கன்று சாகாது. சூடு ஐம்பதைத் தாண்டினால் கன்றும் வெந்துவிடும், குறைந்தால் பூச்சி குளித்துவிட்டுப் போகும். என் ஜாம் வெப்பமானியைக் கயிற்றில் கட்டி அண்டாவுக்குள் தொங்கவிட்டேன். “டாக்டர் காய்ச்சல் பாக்குறாங்க!” என்று அதே பெண் கத்தினாள். இந்தத் தடவை நானும் சிரித்தேன்.

கன்றுகள் தங்கையின் சரிவில் பாதிக்குத்தான் காணும். மீதிக்கு என்ன செய்வது என்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது செல்வமணி ஒரு பழத்தின் கொண்டையை எடுத்து, நீளவாக்கில் பிளந்து, ஒவ்வொரு துண்டிலும் குருத்துக் கண் இருக்கும்படி வெட்டினாள். “தேயிலைத் தண்டு இப்படித்தானே வெட்டுவோம்? தவறணைப் பையில போட்டா மொளைக்குமா இது?” என்று கேட்டாள். முளைக்கும், கொஞ்சம் மெதுவாக. நான் இரண்டு வெட்டுவதற்குள் அந்தப் பெண்கள் ஒரு கூடை வெட்டி முடித்திருந்தார்கள். கத்தி எங்கே இறங்குகிறது என்பதே தெரியவில்லை. அன்னாசியை முடி வெட்டிய அதே கைகள் என்பதை நினைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். நடுவில் தேங்காய் ரொட்டியும் வெங்காயமும் மிளகாயும் இடித்த சம்பலும் சுற்றி வந்தன. கித்துள் மரத்துக் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேநீர். எங்கள் ஊரில் பாலில்லாத டீயை நோயாளிக்குத்தான் கொடுப்பார்கள். இங்கே குடித்த பிறகு எங்கள் டீ பாயசம் மாதிரித் தோன்றுகிறது.

மதியத்துக்குப் பிறகு செல்வமணி தனியாகச் சரிவில் இறங்குவதைப் பார்த்துக் கூடவே போனேன். கயிறு கட்டிய செடிகளைப் பிடுங்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றிலும் முதலில் கயிற்றை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டாள். பிறகு செடியின் கழுத்தைப் பிடித்து இழுத்தாள். வேர் இல்லாததால் எல்லாம் சுலபமாகக் கையோடு வந்தன. எரிக்கிற குவியலில் வைத்தபோது, “போயிட்டு வா” என்று ஒவ்வொன்றிடமும் சொன்னாள். எனக்குப் பக்கத்தில் நிற்கச் சங்கடமாக இருந்தது. நானும் கையில் உறையைப் போட்டுக்கொண்டு பிடுங்கினேன்.

வேன் வந்தது. சந்திரா இறங்கினாள். அக்காவைவிட எவ்வளவோ இளையவள், ஆனால் முகம் அக்காவைவிடக் களைத்திருந்தது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு வாழை இலையில் அடுக்கியிருந்த கன்றுகளைப் பார்த்தாள். சூட்டில் குளித்து, நிழலில் உலர்ந்து, அவை பளபளவென்று இருந்தன. சந்திரா ஒன்றிரண்டைத் தூக்கித் திருப்பிப் பார்த்தாள். எதையோ தேடினாள்.

“கயிறு கட்டுன தாய்ல எடுத்துத் தர்றேன்னு சொன்னீங்களேக்கா. இது அந்தச் சொகுசுச் செடிக மாதிரில்ல இருக்கு?”

“அதேதான்.”

“எங்க எடம் வெறும் கல்லுக்கா. காத்து வேற. கஷ்டத்துல தப்பிச்ச செடியா இருந்தாத்தானே அங்கெல்லாம் நிக்கும்?”

செல்வமணி நோயைப் பற்றிச் சொல்வாள், எறும்பைப் பற்றிச் சொல்வாள், என்னைக் கூப்பிட்டு விளக்கச் சொல்வாள் என்று நான் எழுந்து நின்றேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. மடியிலிருந்த மஞ்சள் கயிறுகளில் ஒன்றை எடுத்து, தங்கை கையிலிருந்த கன்றில் கட்டினாள்.

“நீ பட்டது போதும் சந்திரா. செடியாவது படாததா இருக்கட்டும்.”

சந்திரா அக்காவின் முகத்தைப் பார்த்தாள். மற்ற கன்றுகளையெல்லாம் பெண்கள் வேனுக்குள் அடுக்கினார்கள். கயிறு கட்டிய கன்றை மட்டும் அவள் யாரிடமும் கொடுக்காமல், முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள்.